புறப்படு என்றால் போதும்

பதினோரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டினேன். கடைசியில் என் முழங்காலே என் காலை வாரிவிட்டது. இப்போது வண்டிகளை அனுப்பும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘ஊழியர்’ என்று மட்டும் இருக்கிறது, ‘ஓட்டுநர்’ இல்லை. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டால் இந்த நாற்காலி. இல்லையென்றால் கிடங்கில் போர்வை மடிக்க வேண்டியதுதான். மேலாளர் இன்று மாலை ஐந்து மணி வரை நேரம் கொடுத்திருந்தார். அவர் வைத்த தேர்வு இது: ‘வாகனம்’ என்று ஒரு பொது வகுப்பு, அதாவது புரோகிராமில் எல்லா வண்டிக்கும் பொதுவான வார்ப்பு. அதன் பிள்ளைகள் லாரி, சைக்கிள், ஆம்புலன்ஸ். மூன்றையும் ‘வாகனம்’ என்றே கூப்பிட வேண்டும். ஆனால் ஆம்புலன்ஸ் மட்டும் அலற வேண்டும்.

வாகனமே, சைரன் போடு என்று எழுதினேன். பிழை என்றது திரை.

“உள்ள நிக்கிறது ஆம்புலன்ஸ்தானே? இதுக்குக் கண்ணு தெரியலையா?” என்று எரிந்து விழுந்தேன்.

பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரி சிரித்தாள். “அக்கா, நீங்க வாகனம்னுதானே கூப்பிடுறீங்க? எல்லா வாகனத்துக்கும் தெரிஞ்சதைத்தான் கேக்க முடியும். புறப்படு, நில்லு, அவ்ளோதான்.”

நாலு மணி வாக்கில் மின்விசிறிச் சத்தத்தில் கண் சொக்கியது. வெள்ளை முற்றம் ஒன்றில் மூன்று வண்டிகள், மூன்றின் மேலும் ஒரே சாம்பல் துணி. “சைரன் போடு!” என்று கத்தினேன். ஒன்றும் அசையவில்லை. அலுத்துப்போய், “சரி, புறப்படு” என்றேன். லாரி உறுமியது. சைக்கிள் மணியடித்தது. மூன்றாவது துணிக்குள் சிவப்பு வெளிச்சம் சுழல, என் பழைய வண்டி அலறிக்கொண்டு காற்றில் மிதந்து போனது. ஓட்டியது நான். முழங்கால் வலிக்கவேயில்லை.

விழித்தபோது மணி நாலே முக்கால். அவசர அழைப்புக்கு நான் என்றைக்காவது சைரன் போடாமல் புறப்பட்டிருக்கிறேனா? ஆம்புலன்ஸ் வகுப்புக்கென்று தனியாக ஒரு ‘புறப்படு’ எழுதி, அதற்குள்ளேயே சைரனை வைத்தேன்.

மேலாளர் வந்து பின்னால் நின்றார். வாகனமே, புறப்படு, மூன்று முறை. உறுமல், மணி, பிறகு அறை முழுக்க அலறல்.

“நாற்காலி உங்களுக்குத்தாம்மா” என்று சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டார்.

அதற்குள் ரேடியோவில் புது ஓட்டுநர் ஒருத்தியின் குரல் நடுங்கியது: “உள்ள நோயாளி இருக்காங்க, பள்ளிக்கூடத்துகிட்ட ரோடு அடைச்சிருக்கு!”

“ஊழியர் யாராவது எடுங்கப்பா!” என்றார் மேலாளர்.

நான்தான் எடுத்தேன். “பதறாதம்மா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு, வலது பக்கம் ஒடி. சைடு கண்ணாடியை மடக்கிக்கோ, வண்டி நுழையும்.”

மேசைக்கடியில் என் வலது கால் ஆக்சிலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தது.