இறங்குகிறவரை இறங்க விடு

அந்த மூன்று வரிகளை நெந்தென் சுவரில் எழுதிய அன்று, கீழே செப்லாக் என்ற காரச் சாப்பாடு விற்கும் கடையிலிருந்து ஏறிவந்த மிளகாய் நெடியில் ஐந்து பேரும் இருமிக்கொண்டே கைதட்டினார்கள். ஆட்டம் பொய் சொல்லாது. இறங்குகிறவரை இறங்க விடு. செய்த கையே அழிக்கட்டும். பாண்டுங் நகரில் வீடியோ கேம் செய்கிற சின்னச் சின்ன நிறுவனங்கள் நிறைய உண்டு, கொள்கையைச் சுவரில் எழுதிவைத்துக் கும்பிடுவது நாங்கள்தான் என்று முதலாளி குமிலார் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவான். எழுதியது யார் என்று மட்டும் சொல்லமாட்டான்.

இரண்டாவது வரி நெந்தெனுடைய அபாவிடமிருந்து, அதாவது அப்பாவிடமிருந்து வந்தது. எங்கோஸ் என்பது அவர் பெயர், ஓட்டுவது அங்கோட் என்கிற ஷேர் வேன். பச்சை வண்டி, பக்கவாட்டில் திறந்த கதவு, முழங்கால் முட்ட உட்காரும் சனம். செல்போனில் கூப்பிட்டால் வாசலுக்கே வரும் பைக்குகள் வந்த பிறகு வண்டியில் பாதி இடம் காலி. ஆனாலும் இறங்குகிற ஒவ்வொருவரிடமும் "பாத்துப் போங்க" என்பார். இன்னும் கொஞ்ச தூரம் வாருங்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்க விடாதவன் டிரைவரா, கடத்தல்காரனா என்பார்.

அதைத்தான் அவள் ஆட்டமாக்கினாள். ஆடுகிறவர் பயணி. அங்கோட்டில் ஏறி ஊர் சுற்றலாம், பக்கத்து இருக்கைக்காரர்களின் கதை கேட்கலாம், எங்கே வேண்டுமானாலும் இறங்கிவிடலாம். இறங்கினால் ஆட்டம் மூடிக்கொள்ளும். மூடும் முன் டிரைவர் திரும்பிப் பார்த்து, "பாத்துப் போங்க" என்பார். டிரைவருக்கு அபாவின் முகத்தையே வரைந்தாள், தோளில் கிடக்கும் துண்டு உட்பட. குரலும் அபாவுடையதுதான். பதிவு செய்த அன்று அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குரலுக்கு எதற்குச் சட்டை என்று கேட்டதற்கு, மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். அன்றே வண்டி நிலையத்தில் எல்லா டிரைவர்களிடமும் சொல்லியாகிவிட்டது: என் குரல் வரப்போகிறது, உலகம் முழுக்க.

வெள்ளிக்கிழமைதோறும் அலுவலகத்தில் தரையில் நீளமாக வாழை இலை விரித்து, சோறும் கருவாடும் சம்பலும் கொட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே இலையில் சாப்பிடுவார்கள். முதலாளியே அங்கே காங், அதாவது அண்ணன்; நெந்தென் தேஹ், அதாவது அக்கா. அப்போது யாரும் ஆட்டத்தில் எதையாவது சுட்டி, இதை எடுத்துவிடலாம் என்று சொல்லலாம். பாதிக்கு மேல் கை உயர்ந்தால், அதைச் செய்தவரே அன்று மாலைக்குள் தன் கையால் அழித்துவிட வேண்டும். வேறொருவர் கை பட்டால் அது கொலை, தன் கையென்றால் துறவு என்று வாதாடி இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளும் நெந்தென்தான். படம் வரைகிற டேடென் ஆட்டத்துக்காக மாதக்கணக்கில் உழைத்து வரைந்த மழை அப்படித்தான் போயிற்று. அவன் அழித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தான். இவளுக்கு அன்று கொள்கை ஜெயித்த பெருமை.

ஆட்டத்தை வெளியிட ஒப்புக்கொண்ட ஜகார்த்தா ஆள் வந்து ஆடிப் பார்த்தான். அழகாக இருக்கிறது, ஆனால் ஆட்கள் சுலபமாக இறங்கிவிடுகிறார்களே என்றான். இறங்கப் போனால் டிரைவர் அழட்டும், கெஞ்சட்டும், அப்போதுதான் மனசு கேட்காமல் உட்காருவார்கள். இந்த யோசனையைக் குமிலார் அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, எல்லோர் வாயிலும் சோறு இருக்கும் நேரம் பார்த்து ஆரம்பித்தான்.

"இறங்கும்போது வர்ற அந்தக் குரலை எடுத்துரலாம்னு நினைக்கிறேன். ஓட்டு போடுங்க."

சம்பல் ஒட்டிய விரல்களோடு கைகள் உயர்ந்தன. ஒன்று, இரண்டு. கடைசியாக டேடெனுடைய கை. அவன் இலையைப் பார்த்துக்கொண்டே தூக்கினான்.

"காங், சுவத்துல ரெண்டாவது வரி என்னன்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க" என்றாள் நெந்தென்.

"பாத்தேன் தேஹ். மூணாவது வரியையும் பாத்தேன்" என்றான் குமிலார், ஒரு கருவாட்டுத் துண்டை அவள் பக்கம் தள்ளியபடி.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்பார்களே, அதை இவன் கருவாடு பரிமாறிக்கொண்டே செய்தான். அவளோ தான் போட்ட முடிச்சில் தானே மாட்டிக்கொண்டாள். மாட்டேன் என்றால் டேடெனின் மழைக்கு என்ன பதில்? கை கழுவிவிட்டு வந்து, அபாவின் குரலை அழித்தாள். ஒரு பொத்தான், உறுதிதானா என்று ஒரு கேள்வி, இன்னொரு பொத்தான். பிறகு வேலையை விடுவதாகச் சொன்னாள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். ஆட்டக்காரனிடம் செய்யக்கூடாது என்று சுவரில் எழுதிவைத்ததை எல்லாம் அவளிடம் வரிசையாகச் செய்தார்கள். முதலில் கெஞ்சினார்கள். நீ போனால் நிறுவனமே மூழ்கும் என்று குமிலார் கண் கலங்கினான். பிறகு, உனக்காக எவ்வளவு செய்தோம் என்று குத்திக்காட்டினான். எதுவும் பலிக்காமல் போகவே, பாதியில் இறங்கினவர்கள் பெயர் ஆட்டத்தின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் வராது என்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒருவரும் பாத்துப் போ என்று சொல்லவில்லை.

வீட்டில் வேலையை விட்டதை மட்டும் சொன்னாள். குரல் போனதைச் சொல்ல வாய் வரவில்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருக்கும்போதே ஆட்டம் வெளியாகிவிட்டது. அபா வண்டி நிலையத்திலேயே யாரிடமோ கேட்டுத் தன் செல்போனில் இறக்கிக்கொண்டு, வீடு வந்து குளித்து, அந்தப் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அபா ஊர் முழுக்கச் சுற்றினார். பச்சை வண்டியைப் பார்த்துச் சிரித்தார். டிரைவரைப் பார்த்ததும் தன் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, குரல் வருகிற இடம் அதுதான் என்று தெரிந்ததால், இறங்குவதற்கான பொத்தானை அழுத்திவிட்டுப் போனைக் காதருகே கொண்டுபோனார்.

அவர் முகம் கொண்ட டிரைவர் திரும்பிப் பார்த்து, யாரோ ஒருவனின் குரலில் அழுதான். என்னை விட்டுப் போகாதீர்கள், நீங்கள் இறங்கினால் என் பிள்ளைகளுக்கு இன்று சோறில்லை என்றான்.

அபா போனைக் காதிலிருந்து எடுத்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நெங், இங்க பாரும்மா, இது என் மூஞ்சிதானே?"

"ஆமா அபா."

"நான் யார்கிட்டயும் இப்படிக் கேட்டதில்லையேம்மா."

அபா மறுபடி பொத்தானை அழுத்தினார். மறுபடி அதே அழுகை, அதே பிள்ளைகள், அதே சோறு. மூன்றாம் முறை அவர் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"அழுவுறானே, பாவம்" என்றார். "நீ சாப்பிடு. நான் இன்னும் ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்."

ஜகார்த்தா ஆள் சொன்னபடியே ஆயிற்று. அபா இறங்கவில்லை.