அக்கா அன்றைக்கே கேட்டாள்

தையல் மிஷின் சத்தம் கேட்டு உள்ளே வந்த தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பெரியக்கா, இப்பப் போய் மிஷின் ஓட்டணுமா? முன்ரூம்ல சின்னக்கா கிடக்கறா."

"அவளுக்குத்தான் தைக்கறேன்." பெரியக்கா நிமிரவில்லை. ஊசிக்கடியில் நீலச் சட்டை ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. "ரெண்டு பக்கமும் நல்லாப் பிடிக்கணும். ஆளு பாதியா இளைச்சுட்டா. தொளதொளன்னு போட்டு அனுப்பச் சொல்றியா? தையல்காரி தங்கச்சிடா அவ."

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஓட்டுவது யாராக இருந்தாலும் தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்தே பழகியவன். வீட்டிலும் அப்படித்தான்.

விடிகாலையில் போயிற்று உயிர். பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும்.

பத்து மணிக்கு நூலகர் வந்தாள். சின்னக்காவோடு மூன்று வருஷம் சேர்ந்து வேலை செய்தவள். காலடியில் நின்று அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு தையல் ரூமுக்கு வந்தாள். தோளில் லேப்டாப் பை.

"அக்கா, இன்னிக்கு சைட்டைத் திறக்கறதா இருந்தோம். தள்ளி வெச்சிடட்டுமா?"

"எதுக்கு? தள்ளி வைக்கச் சொன்னாளா அவ?"

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று எங்கெங்கோ, கணினியால் மனுஷருக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ள யார் யாரோ தலையைப் பிய்த்துக்கொண்டு செய்த வேலைகளை ஒரே இடத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கும்படி இணையத்தில் வைப்பதற்குத்தான் அந்த சைட். சின்னக்காவின் கடைசி மூன்று வருஷம் அதிலேதான் கழிந்தது. நன்றாக வந்ததை எல்லோரும் ஓடிவந்து கொடுத்தார்கள். சொதப்பியதைக் கேட்டால் போனையே எடுக்கவில்லை. 'சரிவராதவை' என்று ஒரு பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைசியில அதுல தன்னோடதையே முதல்ல எழுதிட்டாங்க," என்றாள் நூலகர். "போன வாரம்தான் முடிச்சாங்க. அதுல உங்களைப் பத்தி ஒரு வரி வருது. யாரைப் பத்தி வருதோ அவங்க படிச்சு சரின்னு சொன்னாத்தான் போடலாம். அது சின்னக்காவே வெச்ச சட்டம். அக்காவுக்கு நானே படிச்சுக் காட்டறேன்னாங்க. காட்டினாங்களா?"

மிஷின் சக்கரத்தின் மேல் பெரியக்காவின் கை நின்றது.

முந்தாநாள் மத்தியானம். 'அக்கா, உனக்கு ஒண்ணு படிச்சுக் காட்டணும்.' 'முதல்ல மாத்திரையைப் போடு. அப்புறம் படிக்கலாம்.' மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவள் தூங்கிப் போனாள்.

"இல்ல," என்றாள். "நீ படி."

நூலகர் படித்தாள்.

"நோயாளிகளின் முறை வரும்போது கணினியே போனில் கூப்பிடும் ஏற்பாட்டை எங்கள் ஆஸ்பத்திரிக்காக நான் அமைத்தேன். இரண்டு தடவை பதில் வராவிட்டால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ஒரு வீட்டில் இருந்ததே ஒரு போன்தான். அதுவும் லாரி ஓட்டும் மகனிடம். அந்த அம்மாவின் முறை நான்கு மாதம் தள்ளிப் போயிற்று. அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. தொடங்குவதற்கு முன்பு இதை வீட்டில் சொன்னேன். 'என் போன் எப்பவும் துணிக்கடியில கிடக்கும், நான் எடுக்கலன்னா?' என்று அக்கா அன்றைக்கே கேட்டாள். நான் சிரித்தேன்."

கீழே முழுப்பெயர்.

முன்ரூமில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"பேரை எடுத்துடும்மா," என்றான் தம்பி. "வாசல்ல நிக்கறவங்கல்லாம் தங்கமான மனுஷின்னு சொல்லிட்டு இருக்காங்க. இன்னிக்குப் பார்த்து, ஒருத்தி கண்ணைக் கெடுத்தவன்னு உலகத்துக்கே சொல்லணுமா? பெரியக்கா, நீ சரின்னு சொன்னாத்தானே? சொல்லாதே."

பெரியக்காவுக்கும் உள்ளூர அதே ஆசைதான்.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?" என்று நூலகரைக் கேட்டாள்.

"மாசாமாசம் அவங்களைப் போய்ப் பார்த்துட்டு வந்தாங்கக்கா. இதையும் படிச்சுக் காட்டினாங்க. 'எழுது, எனக்கு வந்தது வேற யாருக்கும் வரவேணாம்'னுட்டாங்களாம். நீங்க மட்டும்தான் பாக்கி."

"சரி, இது இல்லாம திறந்தா? என்னை மாதிரி ஒருத்தி தேடினா என்ன வரும்?"

நூலகர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள். பெரியக்கா ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் குத்தினாள். 'போன் எடுக்கலன்னா முறை போயிடுமா.'

மூன்று பக்கம் வந்தது. மூன்றும் அதே ஏற்பாட்டைப் பற்றித்தான். காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது என்றது ஒன்று. சிறந்த புதுமைக்கான பரிசு என்றது இன்னொன்று. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு, கன்னம் ஒட்டிப்போகாத சின்னக்கா படத்தில் நின்றாள். கீழே அதே முழுப்பெயர்.

"இதைப் பார்த்துட்டு இன்னும் ஆறு ஊர்ல செய்யப் போறாங்க," என்றாள் நூலகர் மெதுவாக.

"அப்ப அவ பேரு முன்னாடியே இருக்கு."

"ஆமாக்கா."

தம்பி குனிந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், பாதிக் குரலில், "சிரிச்சேன்னு எழுதியிருக்காளே, அதையாவது எடுத்துடலாமே," என்றான்.

"அதுல கை வெச்சுப் பாரு, கத்தரிக்கோல் என் கையிலதான் இருக்கு!" என்றாள் பெரியக்கா. குரல் உடைந்தது. "அது எனக்கு எழுதினதுடா."

மிச்சமிருந்த தையலை ஓட்டி முடித்து நூலை வெட்டினாள்.

"போடும்மா. பேரோட போடு."

சட்டை அளவாக உட்கார்ந்தது.

எல்லாம் முடிந்து திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. நூலகரும் கூடவே வந்தாள். தம்பி அடுப்படியில் டீ போட்டான். முகம் கழுவிவிட்டு வந்த பெரியக்காவிடம் நூலகர் லேப்டாப்பைக் காட்டினாள்.

"சைட்டுல ஒரு மெசேஜ் வந்திருக்குக்கா. ரொம்பத் தூரத்துல ஒரு ஆஸ்பத்திரி. திங்கக்கிழமை இதே ஏற்பாட்டை ஆரம்பிக்கறதா இருந்தாங்களாம். படிச்சுட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. வேற எப்படிச் செய்யறது, யாரைக் கேக்கறதுன்னு எழுதியிருக்காங்க. இப்ப ஆன்லைன்லதான் இருக்காங்க. இதுக்கெல்லாம் உங்க தங்கச்சிதான் பதில் சொல்றதா இருந்தது."

சாத்தியிருந்த முன்ரூம் கதவைப் பெரியக்கா பார்த்தாள்.

"நான் சொன்னா ஆகாதா?"

"ஐயோ, சொல்லுங்கக்கா. நான் தட்டறேன்."

"வீட்டுல போனே இல்லாதவங்க எத்தனை பேரு, பக்கத்து வீட்டு நம்பரைக் குடுத்தவங்க எத்தனை பேருன்னு எண்ணினாங்களா, கேளு. எண்ணாம ஆரம்பிக்க வேணாம்னு சொல்லு. எடுக்காதவங்க வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பட்டும்."

"காது கேக்காதவங்களையும் சேத்துக்கச் சொல்லு," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "என்கிட்ட வண்டி கத்துக்கறவர் ஒருத்தர் இருக்கார். அவருக்கு மெசேஜ் அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சு போச்சு."

நூலகர் அதையும் தட்டினாள். தம்பி டீயை வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்றது யாருன்னு போடட்டும்க்கா?"

"தையல்காரின்னு போடு." யோசித்தாள். "அவ அக்கான்னும் போடு."

பதில் போயிற்று. மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில், அந்தப் பக்கம் யாரோ எழுதுவதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் அசையத் தொடங்கின.