ஹவுளுக்குள் அசையாமல் நின்ற ஸ்கூட்டர்

ஒரு கிழமையாக எனக்கு ஒரே கேள்வி: பிழை மெஷினிலா, என்னிலா? மெஷினில் என்றால் திருத்தலாம். என்னில் என்றால் இந்த நளீம் கடலுக்கு ஸலாம் சொல்லிவிட்டு மனைவியின் வயலில் வரம்பு கட்டப் போகவேண்டியதுதான்.

நாலு வருடத்துக்கு முன் கடலட்டைக்கு மூழ்கி, அவசரப்பட்டு மேலே வந்தேன். இரத்தத்தில் காற்றுக்குமிழி ஏறி இடது கால் மரத்துப்போனது. நடக்கலாம், நீரோட்டத்துக்கு எதிராகக் காலடித்து நீந்த முடியாது. மறுபடி இறங்க டொக்டர் அரை மனதோடுதான் சம்மதித்தார். மேலே வரும்போது நிற்கவேண்டிய ஆழத்தில் நிற்கவேண்டிய நிமிடம் நின்றே ஆகவேண்டும், இன்னொரு தரம் தவறினால் மற்றக் காலையும் மறந்துவிடு என்றார்.

அதனால்தான் கடலடி ஸ்கூட்டர். நீளமான உருளை, உள்ளே பெட்டரி, பின்னால் விசிறி. அது இழுக்கும், நாம் பின்னால் போகலாம், காலுக்கு வேலை இல்லை. ஐம்பது மீற்றர் ஆழத்தில் கிடக்கிற பழைய கப்பலுக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற தொழிலைத்தான் நானும் காரைதீவு வினோஜும் மறுபடி தொடங்கவிருந்தோம். வினோஜிடம் ஏற்கெனவே ஒரு ஸ்கூட்டர் இருந்தது. எனக்கு வாங்க, ஊருக்குத் திரும்பிப்போகிற ஒரு வெள்ளைக்காரரிடம் இரண்டு பேருமாகப் போனோம்.

என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற வினோஜ், சின்னதைத் தூக்கிக் காட்டினான். "நானா, இது ஒரு கையில வருது."

"தூக்கித் திரியவா வாங்குற?" என்று பாய்ந்தேன். பெட்டரியை மூன்று பங்காகப் பிரிக்கவேண்டும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மற்றவனுடைய மெஷின் செத்துப்போனால் அவனையும் இழுத்துவர ஒரு பங்கு. சின்னதில் அது கட்டாது. இருபத்துநாலு கிலோ நீளமானதில் இரண்டு எடுத்தேன். ஒன்று ஓட்ட, மற்றது பின்னால் கட்டி இழுக்க. நடுக்கடலில் ஒன்று நின்றால் என் காலை நம்ப முடியாதே. கூடவந்த புத்தகம் ஜேர்மன் மொழியில் இருந்தது. படம் மட்டும் பார்த்தேன்.

பிறகு கயிறு. இழுவை கையில் விழக்கூடாது; தொடைகளுக்கு நடுவே வருகிற பட்டியின் வளையத்தில் விழவேண்டும். முழங்கை சற்று மடங்கி நிற்கிற அளவுக்குக் கயிறு வேண்டும். மூன்று கயிற்றை வெட்டிப் பாழாக்கி நாலாவதில் சரிவந்தது.

கடைசியாக எடை. விட்ட இடத்தில் ஸ்கூட்டர் நிற்கவேண்டும், ஏறவும் கூடாது, தாழவும் கூடாது. அதற்கு உள்ளே ஈயக்கட்டி வைத்துப் பார்க்கவேண்டும். கல்முனைக் கரையில் அலை எதை நிற்கவிடும்? எனக்குப் பள்ளிவாசல் ஹவுள் ஞாபகம் வந்தது. தொழுமுன் கைகால் கழுவி வுழூ எடுக்கிற அந்தத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் சிலும்பாமல் கிடக்கும். இப்போது எல்லாரும் பைப்புக்குப் போவதால் அந்தப் பக்கம் ஆளும் இல்லை.

நானும் வினோஜும் தூக்கிப்போனோம். பாங்கு சொல்லுகிற மோதினார் மீராசாஹிபு இரண்டு மெஷினையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "என்ன மனே இது, குண்டா?"

"மோட்டர். மூணு தரம் கழுவித்தான் கொண்டுவந்த."

"அப்ப அஸர் தொழுகைக்கு முந்தி எடுத்துப்போடு."

ஈயத்தைக் கூட்டினேன், குறைத்தேன். இரண்டும் அசையாமல் நின்றன. மோதினார் மாஷா அல்லாஹ் என்றார். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது.

அடுத்த நாளே இறங்கினோம். நாலு வருடத்துக்குப் பிறகு அந்தக் கப்பலின் மேல்தட்டைத் தொட்டேன், அழுகை வந்தது. முகக்கண்ணாடிக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது. திரும்பி வந்து கடைசித் தரிப்பு: ஆறு மீற்றரில் இருபது நிமிடம். ஸ்கூட்டர் இரண்டையும் நிறுத்திப் பின்னால் கொழுவினேன். ஐந்தாவது நிமிடம் ஆழமானியைப் பார்த்தால் ஐந்து மீற்றர். பிறகு நாலு. மிதவைச் சட்டையில் இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டேன். வினோஜ் கையை நீட்டினான், எட்டவில்லை. என் தலை வெயிலுக்குள் வந்துவிட்டது.

வினோஜ் தன் தரிப்பை முடித்துத்தான் ஏறமுடியும். அதுவரை நான் படகில் ஒட்சிசன் மூடியை முகத்தில் வைத்துக்கொண்டு வலது கால் பெருவிரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஆடியது, அல்ஹம்துலில்லாஹ். ஆஸ்பத்திரியிலும் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

"நானா," என்றான் வினோஜ், "ஏன் ஏறின எண்டு கண்டுபுடிக்காம நான் உங்களோட இறங்க மாட்டன். கோவிக்காதீங்க."

கோபம்தான் வந்தது, ஆனால் அவன்மேல் இல்லை. ஸ்கூட்டர்களைத் தூக்கிக்கொண்டு ஹவுளுக்கே போனேன். விட்ட இடத்தில் நின்றன, இரண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை இரண்டு தரம் அளந்துவிட்டேன், கோணல் இல்லை. அப்படியென்றால் ஆடத்தான் தெரியவில்லை. என் இடுப்பு ஈயம் பழைய ஈயம்தான். வினோஜின் ஸ்கூட்டர் ஒழுங்காக நின்றது. மூச்சை அடக்கினேனா? ஏறுவது எனக்கு விளங்காமல் போனதா? காலில் செத்த நரம்பு மண்டைக்குள்ளும் செத்துவிட்டதா? ஹவுளில் நிற்கிற சாமான் கடலில் ஏன் ஏறுகிறது என்று நாளுக்குப் பத்துத் தரம் என்னையே கேட்டேன். கேட்டேனே தவிர, என்ன கேட்கிறேன் என்று என் காதில் விழவில்லை.

ஏழாம் நாள் மனைவி நுஸ்ஹாவிடம், "நான் கடல விடுறன்" என்றேன்.

அன்றைக்குப் பெருநாளும் இல்லை, விருந்தாளியும் இல்லை, முட்டை உடைத்து ஊற்றிக் கருப்பட்டி போட்டு அவள் வட்டிலப்பம் செய்தாள்.

மறுநாள் காலை, பெரும்போகத்துக்கு விதைநெல் தெரிவுசெய்யக் குந்தினாள். அவளுடைய வாப்பா கொடுத்த மூன்று ஏக்கரை அவள்தான் பார்க்கிறாள். வாளியில் தண்ணீர் விட்டு ஒரு முட்டையைப் போட்டாள். அது அடியில் போய்க் கிடந்தது. உப்பைக் கொட்டிக் கலக்கினாள், இன்னும் கொட்டினாள். முட்டை மெதுவாக எழும்பி மேலே வந்து மிதந்தது. இனி நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி தாழும். வருடாவருடம் பார்க்கிறதுதான்.

நான் முட்டையை எடுத்துப் பக்கத்துச் சட்டியில், வெறும் தண்ணீரில் போட்டேன். தாழ்ந்தது. வாளிக்குள் போட்டேன். ஏறியது. மறுபடி சட்டி, மறுபடி வாளி.

"ஒடைக்கப் போறீங்க! என்ன விசர் இது?"

"ஹவுள்ள கிடக்கிற கிணத்துத் தண்ணி, நுஸ்ஹா! நல்ல தண்ணி!"

இருபது வருடமாக உப்புத் தண்ணீரைத் தவிர வேறு எதிலும் மூழ்காதவன் நான். டைவிங் பாடத்தில் இதைப் படித்தேன், சோதனையும் எழுதினேன், எழுதியதோடு மறந்தேன். கிணற்றுத் தண்ணீரில் அசையாத இருபத்துநாலு கிலோவை உப்பு அரைக் கிலோவுக்கு மேல் தூக்கும். இரண்டுக்கும் ஒரு கிலோ தாண்டும். அதுவும் கடைசித் தரிப்பில், சிலிண்டர் வற்றி நானும் ஆக இலேசாக இருக்கிற நேரத்தில்.

போனில் கேட்டு வினோஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீயும் ஹவுளுக்குப் பக்கத்துலதானே நிண்ட!" என்றேன்.

"நான் காரைதீவுக் கோயில்காரன். பள்ளித் தொட்டிக்குள்ள என்ன தண்ணி எண்டு எனக்கென்ன தெரியும்?"

பின்னேரம் படகில் அலைக்கு அப்பால் போய், கடல் தண்ணீரிலேயே ஒவ்வொன்றுக்கும் அறுநூறு கிராம் ஈயம் கூட்டினோம். இரண்டு ஸ்கூட்டரும் என் முன்னால் அப்படியே நின்றன. என்னில் பிழை இல்லை. பிழை புத்தியில் மட்டும்தான். முட்டாள் என்று நிரூபணமானதற்கு இவ்வளவு சந்தோசப்பட்டு அழுத ஆள் கல்முனையில் வேறு இருக்க மாட்டான்.

"சனிக்கிழம போவம் நானா" என்றான் வினோஜ்.

வீட்டுக்கு ஓடிவந்து அதைச் சொன்னேன். நுஸ்ஹா விதைநெல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்து, சட்டிக்குள் கிடந்த முட்டையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நேத்து வட்டிலப்பத்துல இதையும் ஒடச்சி ஊத்தியிரிக்கணும் நான்" என்றாள். சிரிக்கவில்லை.