ஆறு மணிக்குச் சாப்பிட வேண்டிய சாக்லேட்

"நீல மை. போய்க் கறுப்பு மையில எழுதிட்டு வா. அடுத்தது!"

கிடியன் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினான். பத்து வயதுப் பையன் முனகிக்கொண்டே வரிசையின் கடைசிக்கு ஓடினான். கோடை முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பிள்ளைகள் இரண்டு மணியிலிருந்து கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஜூலைப் புழுக்கம். மின்விசிறிகளை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தான் கிடியன். பிள்ளைகளுக்குக் கஷ்டம் தெரிய வேண்டுமாம்.

யூதர் பட்ட பாட்டை யூதப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னால் கொட்டாவிதான் வரும், நடத்திக் காட்டினால்தான் உறைக்கும் என்பது அவன் கட்சி. நியூயார்க் பக்கத்து மலையிலிருந்த அந்த முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்தவன், கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒருநாள் விளையாட்டுக்கு இடம் வாங்கியிருந்தான். கூடம்தான், நாட்டைவிட்டு வெளியேற யூதர்கள் அனுமதி கேட்டுக் காத்துக் கிடந்த சோவியத் ஆபீஸ். ரப்பரில் செதுக்கிய முத்திரை காகிதத்தில் விழுந்தால் படகேறி ஏரியைக் கடக்கலாம். அக்கரையில் தர்பூசணியும் பாட்டும். முத்திரை விழாதவர்கள் இக்கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். ஐந்தரைக்குக் கடைசிப் படகு. முகாம் தலைவி நவோமி பெசின் அக்கரையில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்த கோடையில் இந்தப் பொறுப்பு முழுவதும் கிடியனுக்கு. பத்தொன்பது வயதுக்காரனுக்கு அது சின்ன ஆசையா?

ஆரம்பித்து வைத்தவன் ஜெரமி. இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பன்னிரண்டு வயதுக்காரன், மூன்றாம் முறை விண்ணப்பத்தை மடித்து நீட்டினான். உள்ளே ஒரு பால் சாக்லேட்.

"ஆபீசர் சார், கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

கிடியனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த ஊரிலும் இப்படித்தானே நடந்திருக்கும், விளையாட்டு களைகட்டுகிறது என்று நினைத்து முத்திரையைக் குத்தினான். மதியம் பன்னிரண்டுக்கு எல்லாரும் கோழி சாப்பிட்டிருந்தார்கள். யூத வழக்கப்படி, கறி தின்ற வாயில் ஆறு மணி நேரத்துக்குப் பால் படக் கூடாது. அந்த விதியில் கிடியன் படு கறார். சாக்லேட்டைப் பிரிக்காமல் டிராயரில் போட்டு, ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடினான்.

விஷயம் வரிசை முழுக்கப் பரவ எவ்வளவு நேரமாகும்? பிள்ளைகள் அறைகளுக்கும் கேண்டீனுக்கும் பறந்தார்கள். சூயிங்கம், மிட்டாய், பாதி பாக்கெட் பிஸ்கட். வாங்க வாங்க கிடியனுக்கும் கை பழகிவிட்டது. காகிதத்தைத் தொட்டுப் பார்த்தே உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொண்டான். ஒன்றும் இல்லாத காகிதத்தை இப்போதெல்லாம் அவன் படிப்பதுகூட இல்லை.

அப்படி மூன்று முறை திரும்பியவள் ரோஷெல். பதினோரு வயது. போன குளிர்காலத்தில் சோவியத் நாட்டு டாஷ்கண்டிலிருந்து நிஜமாகவே குடும்பத்தோடு வந்து இறங்கியவள். விளையாட்டைத் தயார் செய்த மூன்று வாரத்தில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 'உன் பெயர் லேயா, ஊர் மின்ஸ்க்' என்று விளையாட்டு வேஷத்துக்கான ஓர் அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் தம்பி போர்யாவுக்காக அவன் அறைப் பையன்கள் ஒரு மிட்டாய் பாக்கெட்டைச் சேர்த்துக் கொடுத்ததில் அவன் எப்போதோ அக்கரை போய்விட்டான். ஜன்னல் வழியாக அவனுடைய சிவப்புத் தொப்பி தெரிந்தது. ரோஷெல் அதைப் பார்ப்பதும் வரிசையைப் பார்ப்பதுமாக இருப்புக்கொள்ளாமல் தவித்தாள்.

ஐந்தே காலுக்கு நான்காம் முறையாக வந்து நின்றாள். காகிதம் கனத்தது. பிரித்துப் பார்த்தான் கிடியன். உள்ளே அவளுடைய கைக்கடிகாரம்.

"ஏய் ரோஷெல், என்னம்மா இது?" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "போதாதா?" என்று கேட்டாள். கை தன்பாட்டுக்குக் காதுத் தோட்டின் திருகாணிக்குப் போனது.

"ஐயோ, இது வெறும் விளையாட்டும்மா!"

"அந்த ஆபீசரும் இப்படித்தான் சிரிச்சாரு. எல்லையில. எங்களுக்கு முன்னாடி நின்னவங்ககிட்ட சிகரெட் வாங்கினாரு. அடுத்தவங்ககிட்ட ஒரு பாட்டில். எங்க முறை வந்தப்ப அப்பா கடிகாரத்தக் கழட்டினாரு. அது பத்தல. அம்மா தோட்டக் கழட்டினாங்க. அதுக்குள்ள போர்யாவ ரயில்ல ஏத்திட்டாங்க, ரயில் கெளம்பப் போகுதுன்னு அம்மா ஒரே அழுகை." ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். "இப்பவும் அவன் அங்க இருக்கான். நான் இங்க இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க, போதுமா போதாதா?"

கிடியன் கடிகாரத்தைக் கையில் எடுத்தான். காகிதத்தைப் பார்த்தான். கறுப்பு மை, மூன்று பிரதி, ஒரு பிழை இல்லை. முதல் தடவையே குத்தியிருக்க வேண்டிய முத்திரை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. கடிகாரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தான்.

"மிச்சம் இருக்கறவங்க எல்லாரும் படகுக்கு வாங்க. முத்திரையும் வேணாம், மண்ணும் வேணாம்!"

டிராயரை மேஜையிலிருந்து உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

அக்கரையில் போர்யா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். நவோமிக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பிரமாதம்ப்பா! ஒரு பிள்ளைக்கும் அலுக்கல. அடுத்த வருஷமும் நீயே நடத்து."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கிடியன் டிராயரைப் புல்லில் கவிழ்த்தான். உருகி நசுங்கிய சாக்லேட்டும் மிட்டாயும் பிஸ்கட்டும் குவிந்தன.

"ஹையா! மணி ஆறு ஆயிடுச்சே, சாப்பிடலாமா?" என்று தாவினான் ஜெரமி.

"இத எத்தனை மணிக்கும் சாப்பிட முடியாதுடா" என்றான் கிடியன். "கறியோட பால் கூடாதுங்கற வேதத்துலதான் லஞ்சம் கூடாதுன்னும் இருக்கு. ஒண்ண மணி பாத்துக் காப்பாத்தினேன், இன்னொண்ணு மறந்தே போச்சு. சாக்லேட்தானேன்னு நீ கொடுத்த, விளையாட்டுதானேன்னு நான் வாங்கினேன். கொடுக்க ஒண்ணும் இல்லாதவ கடிகாரத்தக் கழட்ட வேண்டியதாப் போச்சு. சின்னதுதானேன்னு வாங்கற லஞ்சம் சின்னதோட நிக்காது. நவோமி, எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம். நடத்தறதா இருந்தா ரோஷெலக் கேட்டு நடத்துங்க."

எல்லாரும் ரோஷெலைப் பார்த்தார்கள். அவள் கடிகாரத்தின் வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"வரிசையில நின்னு கஷ்டப்படறதச் சொல்லித்தர வேண்டாம், அது யாருக்கும் தானா வந்துடும். முத்திரை கையில இருக்கறப்ப கெட்டுப்போகாம இருக்கறது எப்படின்னு ஒரு விளையாட்டு வைங்க. நானும் வரேன்."