கிளாஸ் தூங்கியாச்சு

எழில்மதி வடிவமைத்த புது வால்வு சீல் ஒரு பொட்டுக் காற்றைக்கூட வெளியே விடாது. வினையே அதுதான். அன்று காலை அது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மாமியார் சாலம்மாளோடு கல்வராயன் மலைக்கு பஸ் ஏறியிருக்க மாட்டாள்.

வெள்ளிமலைக்கு அப்பால் குலதெய்வக் கோயிலில் நாத்தனார் பையனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் சிவசங்கர், எழில்மதியின் கணவன். அவனோ கீழே பட்டறையில் ஒரு வால்வைத் திறந்து பார்த்துவிட்டு மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துபோன பையன் எல்லோரையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பட்டறை கள்ளக்குறிச்சிக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. முன்பு சர்க்கரை ஆலை மிஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி பொன்னுரங்கத்துக்கு ஆசை பெருத்துப்போய், இப்போது எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்கிறார். சீல்களை வடிவமைப்பது எழில்மதி. வால்வுக்குள் நைட்ரஜனை ஏற்றிச் சோதிப்பது சிவசங்கர். இவள் செய்வதை அவன் உடைக்கப் பார்ப்பான், இருவரும் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போவார்கள்.

கிணற்று வாயில் உட்காரும் வால்வு லேசுப்பட்டதல்ல. லாரி டயரில் இருப்பதைப் போல ஐம்பது மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். உள்ளே ஓர் இரும்புக் குண்டு, அதன் இரண்டு பக்கமும் சீல். பழைய சீல் குழாயிலிருந்து வரும் காற்றை மட்டும்தான் தடுக்கும். குண்டைச் சுற்றியுள்ள வயிற்றுப் பகுதியில் காற்று மாட்டிக்கொண்டால் தானாக நெகிழ்ந்து வெளியே விட்டுவிடும். எழில்மதியின் புது சீல் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தடுக்கும். அதற்காக அவள் ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

சோதனை முடிந்து குழாயின் காற்றை இறக்கியதும், பட்டறையில் ஒரு பழக்கம். குழாயில் மாட்டிய மெல்லிய டியூபின் முனையைத் தண்ணீர் கிளாஸில் விடுவார்கள். குமிழி வந்தால் உள்ளே காற்று பாக்கி. குமிழி நின்றுவிட்டால் ‘கிளாஸ் தூங்கியாச்சு’ என்பார்கள். அதற்குப் பிறகுதான் வால்வு மூடியின் நட்டுகளைக் கழற்றி, சீலில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கிளாஸை நம்பி எத்தனையோ வால்வுகளைத் திறந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் நகக்கீறல்கூடப் பட்டதில்லை.

காலையில் பஸ் மலை ஏறுவதற்கு முன் சிவசங்கர் பேசினான். “காத்த எறக்கிட்டேன் மதி. பழைய வால்வுன்னா அரை மணி நேரம் குமிழி வுட்டுகினு கெடக்கும். உன்னுது எறக்குன ஒடனே கிளாஸ் தூங்கிடுச்சு. டீ குடிச்சிட்டு நிதானமா தொறக்கறேன்” என்றான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மாமியாரை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள்.

காது குத்து தாமதமாகவே, பையன் அழ ஆரம்பித்தான். அவனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று கோயிலுக்கு எதிரே வேடியப்பன் கடைக்குப் போனாள். கடையில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள் எல்லாம் தலையணை மாதிரி உப்பியிருந்தன.

“இன்னாங்க இது, இப்டி உப்பிக் கெடக்குது?” என்றாள்.

“கீழ இருந்து வர்ற பாக்கெட்டு எல்லாம் இங்க அப்டித்தாம்மா. உள்ள இருக்கற காத்து எங்க போவும்? வெயில்ல வச்சா இன்னும் ஜாஸ்தி ஆவும்” என்றார் வேடியப்பன்.

எழில்மதி பாக்கெட்டைக் கையில் வாங்கினாள். அமுக்கிப் பார்த்தாள். ஒட்டிய ஓரம் அசையவில்லை. அடுத்த நொடி அவளுக்குப் புரிந்துவிட்டது. கிளாஸ் உடனே தூங்கியது உள்ளே காற்று இல்லாததால் அல்ல. உள்ளே இருக்கும் காற்றுக்கு வழி இல்லாததால். குழாய்தான் காலி. வால்வின் வயிறு ஏற்றிய அழுத்தத்தோடு அப்படியே நிற்கிறது. தகரக் கூரைக்குக் கீழே, உச்சி வெயிலில், ஏறிக்கொண்டும் இருக்கிறது. அந்த மூடியைத்தான் சங்கர் கழற்றப் போகிறான்.

போனை எடுத்தாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

“டவரு அந்த வளைவாண்டதாம்மா கெடைக்கும், பாறை இருக்குது பாரு, அங்க” என்று வேடியப்பன் கை காட்டினார்.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பின்னால் சாலம்மாள் “எங்கம்மா ஓடுற, மதி” என்று கேட்டதற்கு நின்று பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? உங்கள் பிள்ளைக்கு நான் குண்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றா? இந்நேரம் திறந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று மனசு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே வந்தது. அதை விரட்ட விரட்டப் போகவில்லை.

பாறை அருகே கோடு வந்தது. சிவசங்கர் எடுக்கவில்லை. சோதனை அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் போவான். அது அவள் போட்ட விதி. மறுபடி அடித்தாள். அப்புறம் முதலாளியை அழைத்தாள்.

“சங்கரா? உள்ளதாம்மா இருக்கான். எட்டு நட்டுல நாலு கழட்டிட்டான்” என்றார் பொன்னுரங்கம்.

“நிறுத்தச் சொல்லுங்கண்ணே. உள்ள காத்து இருக்குது.”

“கிளாஸ் தூங்கிடுச்சேம்மா. நானே பாத்தேன்.”

“அந்தக் கிளாஸ் இந்த சீலுக்குப் பொய் சொல்லும். போன எடுத்துகினு வாசலாண்ட போங்க, உள்ள போவாதீங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. உள்ளே ஸ்பேனர் இரும்பில் படும் சத்தம் வந்தது. சத்தம் கேட்கிறது, அப்படியானால் உயிரோடு இருக்கிறான்.

“ஏங்க, கைய எடுங்க. வெளிய வாங்க” என்றாள்.

“மதியா? இன்னா திடீர்னு? மூடி கொஞ்சம் டைட்டா இருக்குது, அவ்ளோதான்.”

“வயித்துல காத்து நிக்குதுங்க. அதான் டைட்டு.”

ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு “அப்டின்னா கழட்டுன நாலையும் திரும்ப முடுக்கிட்டு வந்துடறேன்” என்றான். வேலையைப் பாதியில் விடாத புத்தி. அந்தப் புத்திக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். இப்போது அதுவே அவனைக் கொன்றுவிடும்.

“முடுக்க வேணாம். தொடவே வேணாம். ஸ்பேனர அங்கயே வுட்டுட்டு வாங்க.”

“உன் சீலு மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?”

“இருக்குதுங்க. அது விடாது. அந்தப் பயத்துலதான் சொல்றேன், வாங்க.”

கீழே ஏதோ கணீரென்று விழுந்தது. ஸ்பேனராக இருக்கும். காலடிகள் இரண்டு மூன்று கேட்டன. அப்புறம் ஒரு வெடி. போனே கிழிந்துபோவது போல ஒரு சத்தம், தகரம் அதிரும் ஓசை, எதுவோ மேலிருந்து சரிந்து கொட்டும் ஓசை. பிறகு ஒன்றும் இல்லை.

“ஏங்க” என்றாள். பதில் இல்லை. “அண்ணே.” அதற்கும் இல்லை. பாறையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் பயந்ததெல்லாம் பயமே இல்லை, இதுதான் பயம் என்று அப்போது தெரிந்தது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த சாலம்மாள், மருமகள் முகத்தைப் பார்த்தாள். காதில் இருந்த போனைப் பார்த்தாள். “சங்கரா பேசறான்? எப்ப வரானாம், கேளு” என்றாள்.

எழில்மதி போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். போனில் யாரோ இருமுவது கேட்டது. பொன்னுரங்கத்தின் குரல் எங்கோ தூரத்தில், “மூடி கூரையப் பிச்சிகினு பூடுச்சு, அவன் நின்னுகினு இருந்த எடத்துல செவுரே இல்லம்மா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

“அவர் எங்கண்ணே? அவர் எங்க?”

“வெளியதான். வெளிய தரையில ஒக்காந்துகினு இருக்கான். அடி ஒண்ணும் இல்ல. தரேன், இரு.”

அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள். போன் கையிலிருந்து நழுவியது. சாலம்மாள் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

“இன்னாடா பண்ற இன்னும்? தாய்மாமன் இல்லாம புள்ள காது எப்டிடா குத்தறது? கெளம்பிட்டியா இல்லியா?” என்று அதட்டினாள்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, மருமகளிடம் குழப்பத்தோடு சொன்னாள்.

“இன்னா இவன், ஒண்ணும் பேசாம அழுவுறான்?”