இதை முதலில் சொன்னது யார்?

அந்தப் பெண்ணுக்குப் பதினோரு வயது. எதைச் சொன்னாலும் குறுக்குக் கேள்வி போடுவாள் என்பதால் வீட்டில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டத்தை வைத்தவர் அவளுடைய அப்பா. பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவள் முதல் வகுப்பில் இருந்தபோது, ஒரு மாலை, வண்டி நிறையப் பிள்ளைகளோடு மேட்டுச் சாலையில் போகையில் மாரடைப்பு வந்து ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார்.

ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் விழவில்லை. உயிர் போகிற நேரத்திலும் வண்டியை ஒடித்து மணல்மேட்டில் ஏற்றி நிறுத்தினார், "பிள்ளைங்க பத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று ஊரே பேசியது. பத்திரிகையில் படம் வந்தது. அந்த மேட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் கூட்டம் போட்டு அவரைப் பற்றிப் பேசினார்கள்.

அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை பார்த்தாள். காலையில் மகளுக்குத் தலை பின்னும்போது அப்பாவின் கதையைச் சொல்வாள். சொல்லச் சொல்ல அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்தது. முதலில் அவர் "பிள்ளைங்க பத்திரம்" என்று மட்டும் சொன்னார். பிறகு திரும்பிப் பார்த்துச் சொன்னார். அதற்கும் பிறகு, கடைசி வரிசையில் அழுத குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். வக்கீல் இந்தக் கதையில் மட்டும் குறுக்கே பேசியதில்லை.

அப்பாவின் ஒரே தங்கை, வக்கீலின் அத்தை, நாலு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். பிள்ளைகளுக்காகப் புத்தகம் எழுதுவது அவள் பிழைப்பு. சரித்திரத்தில் பேர் போனவர்களைப் பற்றி ஊரார் சொல்வதை இடது பக்கத்திலும், ஆராய்ந்தால் மிஞ்சுவதை வலது பக்கத்திலும் போடுவாள். நன்றாக விற்ற புத்தகங்கள்தான். எழுதியதும் முதலில் படிப்பவள் வக்கீல். அவளுக்குப் புரியாத வரியை அத்தை அப்படியே அடித்துவிடுவாள்.

ஒருநாள் அவளிடம் படிக்கக் கொடுத்தது ஒரு ராணியின் கதை. எதிரிகள் துரத்த, குதிரையோடு ஆற்றைத் தாண்டிக் குதித்தாளாம்.

"வலது பக்கத்தைப் படி," என்றாள் அத்தை.

வக்கீல் படித்துவிட்டுச் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள். ராணி ஆற்றைக் கடந்தது கடுங்கோடையில். ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். குதித்த கதையை முதலில் எழுதியவன், ராணி செத்து நூறு வருடம் கழித்து அவள் பேரனின் பேரனிடம் வேலை பார்த்த புலவன்.

"அப்போ நடந்தே போயிருக்கா."

"பாவாடைய தூக்கிப் பிடிச்சுக்கிட்டு."

சிரிப்பு அடங்கியதும் வக்கீல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அத்தை, அப்பா கதைய முதல்ல சொன்னது யாரு?"

அத்தை தாளை வாங்கி மடித்தாள். "அது வேற கண்ணு."

"என்ன வேற?"

"அவரு நம்ம ஆளு."

"ராணியும் யாருக்கோ அம்மாதானே?"

ஊர் உலகத்துப் பெரியவர்களையெல்லாம் துருவித் துருவி ஆராய்ந்த அத்தை, அண்ணன் விஷயத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது. அண்ணன் அப்படிச் செய்யக்கூடியவர்தான். எத்தனை தோண்டினாலும் அவர் கதை தாங்கும் என்று அவள் முழுசாக நம்பினாள். அதனால்தான் வக்கீலைத் தனியாக விடாமல் தானே கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று வண்டியில் அப்பாவைத் தவிர இருந்த ஒரே பெரிய ஆள், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளர். இப்போது பேருந்துக் கொட்டகையின் வாசலில், வருகிற போகிற வண்டிகளுக்குக் கதவு திறந்துவிடும் வேலையில் இருந்தார். வக்கீலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தன் நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டு நின்றார்.

"மாமா, அப்பா வண்டிய நிறுத்தினத நீங்க பாத்தீங்களா?"

அவர் அத்தையைப் பார்த்தார். "அதான் எல்லாருக்கும் தெரியுமேம்மா."

"எல்லாருக்கும் யாரு சொன்னாங்க?"

ஒரு வண்டி வந்தது. கதவைத் திறந்து, மூடி, பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். பூசி மெழுகிப் பார்த்தார். அவள் விடவில்லை. கடைசியில் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"காலையிலேர்ந்தே பல்வலின்னு தாடையப் பிடிச்சுக்கிட்டிருந்தார். அந்த மேட்டுல திடீர்னு தலைய சாச்சார். தூங்கற மாதிரிதான் இருந்துச்சு. வண்டி மேடேற முடியாம தானா அணைஞ்சு, பின்னால உருண்டு, ரோடு போடக் கொட்டின மணல்ல புதைஞ்சு நின்னுடுச்சு. யாரும் ஒண்ணும் பண்ணலம்மா. நானும் பண்ணல. உங்கப்பா அதுக்கு முன்னாடியே போயிட்டார்."

"பிள்ளைங்க பத்திரம்னு சொன்னது?"

"ஆஸ்பத்திரி வராந்தாவுல உங்கம்மா என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு, கடைசியா என்ன சொன்னார், என்ன சொன்னார்னு கேட்டாங்க. ஒண்ணுமே சொல்லலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பக்கத்துல பத்திரிகைக்காரர் நின்னதை நான் கவனிக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் சொன்னத எப்படித் திருப்பி வாங்கறது?"

வக்கீல் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அத்தையின் கையை விடாமல் வந்தாள். வீட்டுத் தெருவில் திரும்பியதும் அத்தை சொன்னாள், "அம்மாகிட்ட இப்போ வேண்டாம். நேரம் பாத்து நானே சொல்றேன்." வக்கீல் தலையாட்டினாள்.

அந்த நேரத்தை அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். அது வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டம்தான் வந்தது. இந்த முறை மகளே பேசட்டும் என்று தலைமை ஆசிரியை கேட்டிருந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு விடுப்பு போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன பேசுவது என்று சொல்லிக்கொடுத்தாள். "அப்பா திரும்பிப் பாத்து சிரிச்சார்னு நிறுத்து. நிறுத்திட்டு, மெதுவா எல்லாரையும் பாரு."

"எனக்கு அது வாயில வராதும்மா."

"ஏன்? தினம் கேக்கறதுதானே."

"அப்பா சிரிக்கல. திரும்பவே இல்ல. அந்த மாமா சொன்னார்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ராணி கதை, பல்வலி, மேடு, மணல் எல்லாம். அம்மா கத்தவில்லை. மகளின் தலையைத் தடவிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் நாலு தெருவும் நடந்து அத்தையின் வீட்டுக்கு வந்தாள்.

"நீ கூட்டிட்டுப் போனியா?"

"ஆமா அண்ணி. நான் சொல்லணும்னுதான்..."

"பல்வலின்னு அவன் சொன்னானா?"

"சொன்னார்."

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்குக் காலையில, இன்னைக்கு லீவு போட்டுடவான்னு கேட்டார். ஒரு பல்லுக்கெல்லாமா லீவுன்னு நான்தான் சிரிச்சு அனுப்பிவெச்சேன். ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னார், அது பல்வலியே இல்லயாம். நெஞ்சுல வர்ற வலி சில பேருக்குத் தாடையிலதான் தெரியுமாம். காலையில வந்திருந்தா பாத்திருக்கலாமாம்."

அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடப் பயமாக இருந்தது.

"நான் அனுப்பினதாலதான் அத்தனை பிள்ளைங்க பொழைச்சுதுன்னு நெனச்சிட்டிருந்தேன். வேற எவனாவது ஓட்டியிருந்தா கவுந்திருக்கும்னு. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் இத்தன வருஷம் எந்திரிச்சேன், வேலைக்குப் போனேன், சோறு தின்னேன். இப்போ என்ன இருக்கு? நான் அனுப்பினேன், அவர் செத்தார். அவ்வளவுதானே?"

"அப்படி இல்ல அண்ணி. அன்னைக்கு அது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"உன் ராணிக்கு அழறதுக்கு ஆள் இல்ல. அவளைத் தோண்டு. இவரை ஏன் தோண்டின?"

அண்ணன் கதை தாங்கும் என்று நம்பினேன் என்று அத்தை சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. அண்ணி வெறுங்காலோடு திரும்பி நடப்பதை வாசலில் நின்று பார்த்தாள்.

கூட்டத்துக்கு அம்மாவும் மகளும் போகவில்லை. மேடையில் வழக்கம்போல யாரோ பேசினார்கள், வழக்கம்போலக் கைதட்டினார்கள். அம்மா வேலைக்குப் போய் வந்தாள், சமைத்தாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வருடம் முடிந்ததும் அதே கடையின் வேறொரு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பிப் போன பிறகுதான் அத்தைக்கு விஷயம் தெரிந்தது. ராணியின் புத்தகத்தை அவள் முடித்துக் கொடுத்தாள். படித்துப் பார்த்து எந்த வரியையும் புரியவில்லை என்று சொல்ல ஆள் இல்லாமலே அது அச்சுக்குப் போனது.

மழைக்காலத்தில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், அத்தை அந்த ஊருக்குப் போனாள். இரண்டாம் மாடியில் சின்ன வீடு. அண்ணிதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். முன்நெற்றி நரைத்திருந்தது. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். அத்தை குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றாள்.

"எனக்கு உன் மேல கோபம் இல்ல," என்றாள். "முதல்ல இருந்துச்சு. இப்போ இல்ல. ஆனா உன்னைப் பாத்தா அவர் முகம்தான் தெரியுது. அந்தப் புருவம், அந்த மோவாய். அதப் பாக்க என்னால முடியல. கொஞ்ச நாள் வராத."

"எத்தன நாள் அண்ணி?"

"தெரியலம்மா. நானே கூப்பிடறேன்."

வக்கீல் படிக்கட்டு இறங்கிக் கூடவே வந்தாள். ஒரு குடையில் இருவரும் நிறுத்தம்வரை நடந்தார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்த அத்தைக்கு ஒற்றை வார்த்தைதான் பதிலாகக் கிடைத்தது. புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா என்றால், இருக்கு. தோழிகள் உண்டா என்றால், உண்டு. பேருந்து தூரத்தில் தெரிந்தபோது அவளாகவே பேசினாள்.

"அம்மா இப்போ எனக்குத் தலை பின்னி விடறதில்ல அத்தை. நானே பின்னிக்கறேன்."

அத்தை அவள் பின்னலைப் பார்த்தாள். ஒரு பக்கம் தளர்ந்து பிரிந்துகொண்டிருந்தது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, அங்கேயே நின்று, அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டாள். பேருந்து வந்து நின்றது. அத்தை ஏறவில்லை. அது போன பிறகும் இருவரும் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள்.