மஞ்சள் கட்டம்

அந்த முதலீட்டு வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. கணக்குத் தாளில் உண்மையான எண் கிடைக்காத இடத்தில் மனதில் தோன்றிய ஓர் எண்ணைப் போட்டு, அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் பூசிவிட வேண்டும். மஞ்சள் என்றால் சும்மா போட்டது என்று பத்தாவது மாடி முழுக்கத் தெரியும். மாடியைத் தாண்டினால் ஒருவருக்கும் தெரியாது.

அவள் சேர்ந்து எட்டே மாதம். பம்ப் தொழிற்சாலை ஒன்றை விலைக்குக் கேட்ட கம்பெனிக்கு, வாங்கினால் என்ன மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அந்தத் தொழிற்சாலையில் அவளுடைய அண்ணன் லேத் ஓட்டுகிறான். அதைச் சொன்னால் இந்த வேலையிலிருந்து கழற்றிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

எத்தனை பேரைக் குறைக்கலாம் என்ற கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. டைரக்டரிடம் கேட்டாள். எழுத்தும் கோடும் வண்ணமும் தவிர எதையும் பார்க்காத மனிதர். ஆபீசில் அவருக்குப் பெயர் பியூட்டி பார்லர்.

"ஏதாவது போட்டு வைம்மா. அப்புறம் மாத்திக்கலாம்."

412 என்று போட்டாள். அண்ணன் வீட்டுக் கதவு எண். மஞ்சளும் பூசினாள்.

மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மூன்று நாள் கழித்து வந்தால், தாள் முழுக்கப் பளிச்சென்று வெள்ளை. மஞ்சள் கண்ணை உறுத்துகிறதென்று பார்லர் துடைத்து அனுப்பியிருந்தார். வாங்குகிறவர்களின் போர்டு கைதட்டி ஒப்புக்கொண்டும் விட்டது.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த நானூத்திப் பன்னிரண்டு நான் சும்மா போட்டது."

"தெரியும்."

"மாத்தணும் சார்."

"அதை வச்சுத்தான் விலையே பேசியிருக்காங்க. இனிமே அது சும்மா இல்ல." கதவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? அங்க யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"இல்ல சார்," என்றாள். இரண்டாவது முறையாக அண்ணனை மறைத்தாள். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறாதது அவளுக்கே பயமாக இருந்தது.

ஒரு மாதம் போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் போன் செய்தான். அவன் பின்னால் மெஷின் சத்தமே கேட்கவில்லை.

"புது முதலாளி ஆளைக் குறைக்கிறாராம்மா. எத்தனை பேர் தெரியுமா? நானூத்திப் பன்னிரண்டு. நம்ம வீட்டு நம்பர். எவனோ உக்காந்து தலையை எண்ணியிருக்கான் பாரு."

"உன் பேர்…"

"லிஸ்ட்ல இல்ல. நான்தான் ரெண்டு தடவை பாத்துட்டேனே." சிரித்தான். "ஆனா நானூத்திப் பதினொண்ணுதான் தேறியிருக்காம். கணக்குக்கு ஒரு ஆள் குறையுதுன்னு காலைலேர்ந்து தேடிட்டிருக்காங்க."

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணா, நீ இப்பவே வீட்டுக்குப் போயிடு. உடம்பு சரியில்லைன்னு சொல்லு."

"இரு இரு, மேனேஜர் கூப்பிடுறாரு. என்னன்னு கேட்டுட்டு வரேன், லைன்லயே இரு."